பழைய சர்வரைக் கண்டு ஏன் நடுங்குகிறாய்?

அலுவலக மூலையில் இரைந்துகொண்டிருக்கிறதே, அந்தச் சர்வர்! அதை நிறுத்தவும் பயம். மாற்றவும் பயம். அப்படித்தானே?

மெய்நிகர் இயந்திரமாக மாற்ற “எந்த மென்பொருள் நல்லது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்கிறாய். எத்தனை மாதமாக?

விண்டோஸ் சர்வர் 2008க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. 2012க்கு 2023 அக்டோபர் 10. உன் சர்வரில் ஓடுவது எது? நீ துணியும்வரை அதன் ஹார்ட் டிஸ்க் தாங்குமா?

கேள்! இந்த வேலையில் பழைய சர்வர் அழிவதில்லை. மென்பொருள் அதன் வட்டைப் படித்து நகல் எடுக்கிறது, அவ்வளவுதான்.

நகல் எழும்பாவிட்டால்? பழையது அங்கேயே இருக்கும். மறுநாள் காலை அலுவலகம் வழக்கம்போல் நடக்கும். உனக்குப் போனது ஓர் இரவுத் தூக்கம். அதற்கா இவ்வளவு அச்சம்?

எங்கே போகப்போகிறாய் என்று முதலில் முடிவு செய். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஹைப்பர்-வியா? சிஸ்இன்டர்னல்ஸின் டிஸ்க்2விஹெச்டி போதும். ஓடும் விண்டோஸை நிறுத்தாமலே நகல் எடுத்துத் தரும். விஎம்வேரா? அவர்களுடைய கன்வெர்ட்டர் இருக்கிறது. கேவிஎம்மா? விர்ட்-பி2வியை யுஎஸ்பியில் ஏற்றிச் சர்வரை அதிலிருந்து துவக்கு. வட்டை அது நெட்வொர்க் வழியே அனுப்பும். மறுமுனையில் விர்ட்-வி2வி தேவையான டிரைவர்களைப் புகுத்தும்.

“பணம் இல்லை” என்றாயே? டிஸ்க்2விஹெச்டியும் விர்ட்-பி2வியும் இலவசம்!

ஆனால் ஒன்றையே நம்பிக் கிடக்காதே. 2022 பிப்ரவரியில் விஎம்வேர் தன் கன்வெர்ட்டரைப் பதிவிறக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அக்டோபரில்தான் 6.3 பதிப்பு வந்தது. அந்த இடைவெளியில் உன் சர்வர் செத்திருந்தால்? இரண்டாவது வழி ஒன்றைக் கையில் வைத்திரு.

தோல்வி வரும். வரட்டும்!

நகலை முதன்முதலில் எழுப்புகிறாய். நீலத்திரை! “இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்” என்கிறது. உடனே கைகழுவிவிடுவாயா?

காரணத்தைத் தேடு. பழைய விண்டோஸுக்குப் பழைய ரெய்டு கன்ட்ரோலரைத்தான் தெரியும். புதிய மெய்நிகர் வட்டை எப்படி அணுகுவது என்று அதற்குத் தெரியவில்லை. வட்டை ஐடிஇ-யில் இணைத்து எழுப்பிப் பார். எழுந்ததும் சரியான டிரைவரைப் போடு.

ஹைப்பர்-வியில் கருந்திரை மட்டும்தானா? பழையது பயாஸில் துவங்கியதா, யுஇஎஃப்ஐ-யிலா? பயாஸ் என்றால் முதல் தலைமுறை. யுஇஎஃப்ஐ என்றால் இரண்டாம் தலைமுறை. மாற்றிப் போட்டால் எழாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பட்டமா வேண்டும்? பொறுமை வேண்டும்!

டேட்டாபேஸ் இருக்கிறதா? கடைசி நகலுக்கு முன் அந்தச் சேவையை நிறுத்து. எண்கள் பாதியில் அறுந்தால் யார் பதில் சொல்வது?

டொமைன் கன்ட்ரோலரா? அதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். நகல் எடுக்காதே. புதிய மெய்நிகர் இயந்திரத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கி, பொறுப்புகளை அதற்கு மாற்று.

நேரத்தையும் கணக்கிடு. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 1 டிபி நகர ஏறக்குறைய ஒரு நாள். 1 ஜிபிபிஎஸ் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆக, மென்பொருளைக் குறைசொல்லுமுன் கேபிளையும் ஸ்விட்சையும் பார்!

கணக்கு மென்பொருளின் யுஎஸ்பி டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது? நகலோடு அது வராது. விண்டோஸ் லைசென்ஸ் பழைய பெட்டியோடு வந்ததா? அப்படியானால் புதிய லைசென்ஸ் தேவைப்படலாம். விற்றவரிடம் தயங்காமல் கேள். கேட்கக் கூச்சப்பட்டுத்தானே இத்தனை மாதம் போயிற்று?

இன்று மாலையே தொடங்கு! முக்கியமில்லாத ஒரு பழைய இயந்திரத்தைத் தேர்ந்தெடு. முதலில் பேக்கப் எடு. பிறகு நகல் எடு. நகலை எழுப்பும்போது அதன் நெட்வொர்க்கைத் துண்டித்து வை. ஒரே பெயரும் ஒரே ஐபியும் கொண்ட இரண்டு இயந்திரங்கள் மோதக் கூடாது.

எழவில்லையா? மறுபடி! அப்போதும் எழவில்லையா? அடுத்த கருவி!

எழுந்துவிட்டதா? பெரிய சர்வருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறி. மேலாளர் அறைக்குப் போ. தேதியைச் சொல்!