"பசங்களோட ஒத்துவருமா?"

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். வேலை கேட்டு வந்தவருக்கு ஐம்பது வயது. கேள்வி கேட்பவர் முப்பதைத் தொடவில்லை. டேலி, ஜிஎஸ்டி, சம்பளம் எல்லாம் பேசி முடித்தபின் சற்றுத் தயங்கிக் கேட்கிறார்: "இங்க எல்லாரும் சின்னப் பசங்க சார். உங்களுக்கு ஒத்துவருமா?"

வயதைக் காட்டி நாற்பது கடந்தவர்களை ஒதுக்கக் கூடாதென்று அமெரிக்காவில் 1967லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே இதைச் சுற்றிவளைத்துத்தான் கேட்பார்கள். நம் ஊரில் நேராகவே வரும்.

வழக்கமான பதில், "எல்லாரும் என் பிள்ளைங்க மாதிரி சார்." மனதார வரும் சொல்தான். ஆனால் கேட்டவரின் கவலை அதில் தீராது, கூடும். அப்பா போட்ட என்ட்ரி தப்பென்று பிள்ளை நாலு பேர் முன்னால் சொல்வானா? கணக்குப் பிரிவில் அது வாரத்துக்கு நாலு தடவை நடந்தாக வேண்டும். "ஒத்துவருமா?" என்ற கேள்விக்குள் இருப்பது இதுதான்: பாதி வயதுள்ள டீம் லீடர் "இதை மாத்திப் போடுங்க" என்றால் முகம் சுருங்காமல் மாற்றுவீர்களா?

இதற்கு "மாற்றுவேன்" என்று சொல்வதைவிட, முன்பு மாற்றிய ஒன்றைச் சொல்வதே மேல். அது சின்னதாக இருந்தாலும் போதும், நடந்ததாக இருக்க வேண்டும். நான் கேட்டு அசந்த பதில் ஒன்று:

"2007ல வாட் வந்தப்பவும் 2017ல ஜிஎஸ்டி வந்தப்பவும் நான் கணக்குலதான் இருந்தேன். கொள்முதல் பில்லையும் ஜிஎஸ்டி தளத்துல வர்ற 2பி பட்டியலையும் பிரின்ட் எடுத்து, பென்சில்ல டிக் பண்ணித்தான் சரிபார்ப்பேன். ரெண்டு நாள் ஆகும். புதுசா சேர்ந்த பொண்ணு எக்செல்ல வீலுக்கப் ஃபார்முலா போட்டுக் காட்டுச்சு. முதல் மாசம் பாதி பில் சேரல. சப்ளையர் பில் நம்பருக்கு முன்னாடி ரெண்டு சைபர் போட்டிருந்தார், நாங்க போடல. அதைச் சரிபண்ணவும் அந்தப் பொண்ணுதான் சொல்லிக் கொடுத்துச்சு. இப்ப ஒரு மணி நேர வேலை. ஆனா ஒரு ஈரோட்டு நூல் பில்லுல வெளிமாநிலக் கொள்முதலுக்கு வர்ற ஐஜிஎஸ்டி போட்டிருந்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே தொகைங்கறதால எக்செல் அதைக் காட்டல. உள்ளூர் கொள்முதலுக்கு அது வரக்கூடாதேன்னு என் கண்ணுல பட்டுச்சு. இருபதாம் தேதி 3பி ரிட்டர்ன் போடறதுக்குள்ள சப்ளையரைக் கூப்பிட்டுப் பேசினோம்."

இப்படிச் சொன்னவர் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. யாரிடம் கற்றார், முதல் மாதம் எங்கே தடுக்கியது, நேரம் எவ்வளவு மிச்சமானது, அனுபவம் எந்த இடத்தில் கைகொடுத்தது என்பதெல்லாம் தானாக வந்து விழுகிறது. கடைசிப் பகுதியை மட்டும் சொல்லியிருந்தால் பெருமை பேசியதாகியிருக்கும். முதல் பகுதி மட்டும் என்றால், இவருக்கு எதற்கு இவ்வளவு சம்பளம் என்று யோசிப்பார்கள். அந்த வரிசைதான் பதிலுக்குப் பலம்.

தமிழில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நீயா, நீங்களா என்று முடிவு செய்யாமல் எதிரில் இருப்பவரைக் குறித்து நம்மால் ஒரு வாக்கியம்கூட முடிக்க முடியாது. நேர்முகத்தில் "தம்பி" என்று ஒரு தடவை வாய்தவறினால், அரை மணி நேரம் பேசியதெல்லாம் அடிபட்டுப்போகும். "வா, போ" என்பதை வீட்டிலேயே பேசிப் பார்த்துக் களைந்துவிட்டுப் போவது நல்லது. முதுகு வளைத்துக் கும்பிடவும் வேண்டாம், எதிரில் இருப்பவருக்கு அது இன்னும் சங்கடம். பெயரோடு ஒரு சார், ஒரு மேடம், பேச்சு முழுக்க நீங்க. அவ்வளவு போதும்.

திருப்பூரில் வேலை கேட்டு வந்த அந்த ஐம்பது வயதுக்காரர் எழுந்திருக்கும் முன் ஒன்று கேட்டார்: "நான் யார்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும் சார்? இருந்தா இன்னைக்கே ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்." உள்ளேயிருந்து இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் வந்தார். இவர் எழுந்து நின்று, "வணக்கம் மேடம்" என்றார்.