ஓரிரவு மாளிகையும் அளவு நோன்பும்

மும்பைக் கடற்கரையில் நிற்கும் தாஜ்மகால் மாளிகை விடுதி 1903-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் எதிரிலுள்ள இந்திய நுழைவாயில் 1924-இல்தான் நிறைவுற்றது. அலுவல் நிமித்தம் இத்தகைய விடுதிகளில் தங்க நேரும் சமண இளைஞர் இன்று உளர். அறை, உணவு, ஊர்தி அனைத்திற்கும் நிறுவனமே பணம் செலுத்துகிறது. "அங்கே எனக்கென்று உடைமை ஒன்றுமில்லை, மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு இதனால் என்ன குறை?" என்று ஒருவர் வினவினால் யாது விடை கூறுவது?

இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. பொருளன்று, பொருளின்மேல் எழும் பற்றே பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. தன் வீட்டுப் பழம்பாயின்மேல் பற்று மிக்கவனைக் காட்டிலும், பட்டு மெத்தையில் பற்றின்றித் துயின்று எழுபவன் மேலானவனாகலாம். ஆயினும் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு இவ்விரதத்தோடு நிறுத்தவில்லை. போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தையும் வகுத்தனர். ஒருமுறை துய்த்ததும் தீரும் உணவு போன்றவை போகம். மீண்டும் மீண்டும் துய்க்கும் ஆடை, படுக்கை போன்றவை உபபோகம். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல் முதலியவற்றை எண்ணி, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு திங்கள் எனக் காலம் வரையறுத்து ஏற்கும் அளவை நியமம் என்கிறார். இங்கே பேசப்படுவது உடைமையன்று, துய்ப்பு. எனவே பணம் யாருடையது என்பது விடையாகாது.

மேலும், தன் பணம் செலவாகும்போது கை தானே அளவறியும். பிறர் செலுத்தும்போது அவ்வேலி அகன்றுவிடுகிறது. வீட்டில் ஒரு வாளி நீரில் குளிப்பவர் அங்கே தொட்டியை நிறைக்கிறார். ஒருமுறை துடைத்த துவாலை மறுநாளே சலவைக்குப் போகிறது. நீரையே உடலாகக் கொண்ட உயிர்களுக்கு இழைக்கும் ஊறு, கட்டணம் செலுத்திய நிறுவனத்தைச் சேர்வதில்லை. நீரைத் திறந்தவனுக்கே வினையாகக் கட்டுகிறது.

"விருந்தினர் வந்தாலன்றோ ஊழியர் பிழைப்பர்?" என்பாரும் உளர். உண்மையே. 2008 நவம்பர் 26-இல் அவ்விடுதி தாக்கப்பட்டபோது, ஊழியர் பலர் தம் உயிரைப் பொருட்படுத்தாது விருந்தினரைக் காத்தனர். அத்தகையோர் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அவர்தம் ஊதியம் விருந்தினர் தங்குவதால் வருவது, வீணாக்குவதால் வருவதன்று.

ஆதலின் அங்கே தங்குவதே பாவம் எனல் மிகை. எவ்வாறு தங்கினும் குற்றமில்லை எனல் பிழை. அறைக்குள் நுழையுமுன் அன்றைக்குரிய அளவை மனத்தில் ஏற்கலாம்: சிறிது நீரில் குளியல், தங்கும் நாள்வரை ஒரே துவாலை, கதிரவன் மறையுமுன் உணவு. அந்த நியமம் விடுதியை விட்டு நீங்கும்போது முடிவுறும்; அதனால் வந்த பழக்கம் நம்முடன் இல்லம் திரும்பும்.