மெட்டு யாருடைய சொத்து?

பிறத்தியார் பொருளை எடுத்தால் திருட்டு. பிறத்தியார் மெட்டை எடுத்தால்? வக்கீல்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். எனக்கு வேண்டியது மனச்சாட்சியின் பதில்.

கர்நாடக எல்லையோரத்துப் பேரிகையில் இந்தக் கேள்வி சற்றுச் சூடாகவே எழுந்தது. ஊர்ப் பெயரே தமிழ்க் காதுக்கு முரசொலி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் பேரம் பேசும் ஊர். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நான்கு வாலிபர்கள் அங்கே பிடிலும் குழலும் கிதாரும் மேளமுமாகக் கூடி, அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடோடி மெட்டுகளை வாசிக்கிறார்கள். பழையவையும் உண்டு, அந்தப் பாணியில் இன்று கட்டியவையும் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, நம்மகிட்ட இல்லாத பாட்டா? நம்மை ஆண்டவன் பாட்டு உங்களுக்கு எதுக்கு?" என்றார். பிடில்காரப் பையன் ஒன்றும் பேசாமல் வில்லைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். அந்த மௌனம் என்னை உறுத்தியது.

முத்துசுவாமி தீட்சிதரை இப்படி யாராவது கேட்டிருந்தால்? சென்னையை அடுத்த மணலியில், முதலியார் ஆதரவில், அவர் குடும்பம் இருந்தது. தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். இன்று அந்தப் பிடில் இல்லாமல் நமக்குக் கச்சேரி ஏது? அண்ணாவோ பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத ஸாகித்யம் செய்தார். ஏறக்குறைய 40 உருப்படிகள். ஆங்கில அரசனை வாழ்த்தும் கீதத்திலிருந்து அரசனை இறக்கிவிட்டு, சங்கீத சியாமளையை அமர்த்தினார். அதுதான் 'ஸந்ததம் பாஹிமாம்'. இதை அடிமைப் புத்தி என்பதா, மகா துணிச்சல் என்பதா? நான் இரண்டாவது கட்சி.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. குடித்துக் கூத்தடித்துச் சொத்தை அழிக்கும் மல்லோ ஊர் மைனர்களைப் பற்றிய அயர்லாந்துப் பாட்டின் மெட்டுத்தான் 'வந்தே மீனாட்சி'. அந்த அயர்லாந்தும் அப்போது ஆங்கில அரசனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த நாடு. ஆள்பவனின் பாண்டு வழியாக, ஆளப்பட்ட ஒரு ஜனத்தின் பாட்டு இன்னொரு ஜனத்திடம் வந்து சேர்ந்திருக்கிறது. பெரியவர் இதை யோசிக்கவில்லை.

ஆனால் பையன்களையும் சும்மா விடுவதற்கில்லை. 'இது எந்த ஊர் மெட்டு? பெயர் என்ன?' என்று விசாரித்தேன். காதில் விழுந்தது, பிடித்தது, வாசிக்கிறோம் என்றார்கள். வாங்குவது குற்றமல்ல, வாங்கின இடத்தைச் சொல்லாதிருப்பதை அப்படி விட்டுவிட முடியாது. தீட்சிதரின் அந்த உருப்படிகளுக்கு நோட்டு ஸ்வரம் என்று பெயர். நோட்டு என்றால் நம் ஊரில் கடன் பத்திரம் என்றும் அர்த்தம் உண்டே!

மல்லோ இன்றும் அயர்லாந்தின் கார்க் ஜில்லாவில் இருக்கிறது. தங்கள் மைனர் பாட்டில் மதுரை மீனாட்சி குடியேறி நெடுங்காலம் ஆகிவிட்டது என்று அந்த ஊராரிடம் யாராவது போய்ச் சொன்னால் தேவலை.