வரையும் கையும் பார்க்கும் கண்ணும்

அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ஒன்று அல்முஸவ்விர் என்பதாகும். உருவமைப்பவன் என்பது அதன் பொருள். தாயின் கருவறையில் தான் நாடியவாறு நமக்கு உருவம் தந்தவன் அவனே. ஆகவேதான், மனிதன் மனித உருவத்தை வரையலாமா என்ற கேள்வி நமக்கு வெறும் கலையைப் பற்றிய கேள்வியாக நின்றுவிடுவதில்லை. அது ஈமானைத் தொடும் கேள்வியாகிவிடுகிறது.

இக்கேள்வி எகிப்திலும் துருக்கியிலும் மட்டும் எழுவதன்று. நம் விருதுநகர் மாவட்டத்து வீட்டு வாசல்களிலும் அது வந்து நிற்கிறது. சிவகாசியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது, பட்டாசு வளர்ந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகங்கள் பெருகின. அச்சகங்களுக்கு ஓவியர்கள் தேவைப்பட்டனர். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-ல் மறைந்த ஓவியர் கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிக்குக் காட்சித் திரைகள் எழுதியவர். அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டிய படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி, இலட்சக்கணக்கான வீடுகளின் சுவர்களை அடைந்தன. இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்றாலும், உருவத்தை வரையத் தெரிந்த கைக்கு அங்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் வளரும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கு வரையும் திறமை இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அவன் சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்புகிறான். சென்னைக் கல்லூரி 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பவரால் தொடங்கப்பட்ட பழம்பெரும் நிலையம். ஓவியக் கல்லூரிகளில் லைஃப் டிராயிங் என்ற பாடம் உண்டு. இதைக் கேள்விப்பட்ட பெற்றோர் கலங்குகின்றனர். பள்ளிவாசல் திண்ணையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகின்றனர். பிள்ளை ஜும்ஆவுக்கு வரவே கூசுகிறான். ஒரு வாலிபன் பள்ளிவாசலை விட்டு விலகிப் போவதென்பது சிறிய நஷ்டமா? எனவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் கடமையாகிறது.

அந்தப் பாடம் என்ன?

ஒருவரை எதிரே நிற்கவோ அமரவோ வைத்து, அவரைப் பார்த்துக் கரித்துண்டாலோ பென்சிலாலோ வரைந்து பழகுவதே லைஃப் டிராயிங். முதலில் ஓரிரு நிமிடங்களுக்கு ஒரு நிலை. மாணவன் அங்கங்களை எண்ணாமல் அசைவை மட்டும் விரைவாகப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும் நிலைகள். தலையின் உயரத்தை அளவுகோலாகக் கொண்டால் மனிதனின் உயரம் சுமார் ஏழரைத் தலை என்று கணக்கிடுகின்றனர். ஒருவர் ஒற்றைக் காலில் பாரத்தைத் தாங்கி நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் உயர்கிறது. தோள் அதே பக்கம் தாழ்கிறது. இதை அறியாதவன் வரைந்த உருவம், துணி உடுத்தியிருந்தாலும் மரப்பொம்மையாகவே நிற்கும். கை விரல்கள் ஐந்தைச் சரியாக வரைவதற்கே பல மாதப் பயிற்சி வேண்டும் என்பர்.

இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உருவம் வரையலாமா? பிறர் உடலைப் பார்க்கலாமா? எதிரே நிற்கும் அந்த மனிதருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? முதல் கேள்வியிலேயே நம்மில் பலர் நின்றுவிடுகின்றனர். மூன்றாவது கேள்வியை எவரும் கேட்பதேயில்லை.

உருவம் வரைவது

உருவம் அமைப்போருக்கு மறுமையில் கடும் வேதனை உண்டென்றும், அவர்கள் உருவாக்கியவற்றுக்கு உயிரூட்டும்படி கட்டளையிடப்படுவர் என்றும் ஸஹீஹான ஹதீஸ்கள் வந்துள்ளன. சிலை வடிப்பதையும், வணக்கத்திற்குரியதாகக் கொள்ளப்படும் உருவத்தை வரைவதையும் ஒரு முஸ்லிம் செய்தல் ஆகாது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாது எனத் திருக்குர்ஆன் தடுத்திருப்பதையும் மறந்துவிடலாகாது. சுவரில் தொங்கும் அண்டை வீட்டாரின் படத்தை இகழ்வது மார்க்கப் பற்று ஆகாது.

தாளில் வரையும் உருவத்தைப் பொறுத்தவரை, ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் பெரும்பான்மை இமாம்கள் உயிருள்ளவற்றை வரைவதைத் தடுத்துள்ளனர். தலை நீக்கப்பட்டது போன்ற, உயிர் வாழ இயலாத குறை உருவத்திற்கு இளக்கம் தந்துள்ளனர். மாலிக்கீ மத்ஹபினரில் பலர், நிழல் விழாத படத்தை ஹராம் என்னாது மக்ரூஹ் என்றனர். ஆயிஷா (ரலி) நாயகி அவர்கள் சிறு பிராயத்தில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், உருவம் பொறித்த திரைச்சீலை தலையணையாக ஆக்கப்பட்டதும் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ளன. போட்டோ வந்தபோது, எகிப்தின் முஃப்தியாயிருந்த ஷைகு முஹம்மத் பகீத் அவர்கள் அதனை ஆகுமென்றார்கள். முஃப்தி முஹம்மத் ஷஃபீ அவர்கள் போன்ற பெரியார்கள் மறுத்தெழுதினார்கள். மருத்துவத் தேவையோ வேறு வகை. பதினான்காம் நூற்றாண்டில் ஈரானைச் சேர்ந்த மன்ஸூர் இப்னு இல்யாஸ் என்ற மருத்துவர், எலும்புகளையும் நரம்புகளையும் முழு மனித உருவங்களில் வரைந்து காட்டிய நூலை இயற்றினார்.

பேணுதலை நாடுவோர் பெரும்பான்மையோர் வழியில் நிற்பதே சிறப்பு என்பது நம் கருத்து. ஆனால், இமாம்களிடையே கருத்து வேற்றுமை உள்ள ஒன்றில், ஓர் அறிஞரின் சொல்லைப் பற்றி நிற்பவனைப் பாவி எனப் பட்டம் கட்ட நமக்கு அதிகாரமில்லை.

இங்கே இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குப் பெரும் படிப்பினை. உருவம் வரைந்து பிழைக்கும் ஒருவர் அவர்களிடம் வந்து தீர்ப்புக் கேட்டார். அவர்கள் அவரை அருகே வருமாறு அழைத்தார்கள். இன்னும் அருகே வரச் சொன்னார்கள். அவர் தலை மீது தம் கையை வைத்தார்கள். அதன் பிறகே எச்சரிக்கை ஹதீஸை எடுத்துரைத்தார்கள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. அப்போது, வரைந்தே தீரவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு வழியும் காட்டினார்கள். ஒரு கதவை மூடியவர்கள் மறு கதவைத் திறந்தும் விட்டார்கள். தீர்ப்புச் சொன்ன நாவும் தலையை வருடிய கையும் ஒருவருடையவையே! இன்று நம்மிடம் நா மட்டும் நீண்டிருக்கிறது, கையைக் காணோம்.

பார்க்கும் கண்

இரண்டாவது கேள்வியில் இளக்கத்திற்கு இடமில்லை. ஆண் ஆணின் அவ்ரத்தையோ, பெண் பெண்ணின் அவ்ரத்தையோ பார்க்கலாகாது என்பது நபிமொழி. மருத்துவருக்கு நிர்ப்பந்தம் உண்டு. அதுவும் தேவையின் அளவுக்கே. ஓவிய மாணவனுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. எலும்புக்கூடும், உடற்கூற்றுப் படங்களும், ஆடை உடுத்தி நிற்போரும் அவனுக்குப் போதும். சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை 1959-ல் நிறுவப்பட்டது. கவின்கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி சமைத்தது அது. சிலை வடிப்பது நமக்கு ஆகாது. ஆயினும் ஓர் உண்மையை அங்கே காணலாம். பாறையை நெம்பும் உழைப்பாளியின் முதுகும் தோளும் கையும் உணர்த்துவதற்கு மேல் உடலைப் பற்றி அறிய வேறென்ன வேண்டும்? முழங்கால் வரை வேட்டி உடுத்திய ஓர் ஆணைப் பார்த்து ஓர் ஆண் மாணவன் இவற்றைக் கற்கலாமே! அவ்ரத் வெளிப்படும் வகுப்பில் தன்னால் அமர இயலாதென ஆசிரியரிடம் அடக்கத்துடன் எடுத்துரைப்பது ஒரு முஃமினுக்கு இழிவன்று.

எதிரே நிற்பவர்

ஹஜ்ஜத்துல் விதாவின்போது ஓர் இளம்பெண் நபி (ஸல்) அவர்களிடம் சந்தேகம் கேட்க வந்தார். ஃபழ்ல் (ரலி) அவர்கள் அப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பெண்ணை விரட்டவில்லை. ஃபழ்லின் முகத்தைத்தான் தம் கரத்தால் மறுபுறம் திருப்பினார்கள். பார்ப்பவனின் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கரம் காட்டித் தந்தது.

மாடலாக நிற்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அசையாமல் ஒரே நிலையில் நிற்பது எளிய வேலையன்று. கால் மரத்துப்போகும், கழுத்து வலிக்கும். வறுமை அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பசியினால் ஒருவர் தம் மானத்தை விலைக்குத் தந்தால், கொடுத்த கூலி அதை ஹலாலாக்கிவிடாது. வாங்கியவனே அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவன். அவர் யாருடைய தாயோ, யாருடைய தந்தையோ என்ற நினைவு வரைபவனின் நெஞ்சில் இருந்தாக வேண்டும். நம் எதிரே நிற்பவரின் மானம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமன்றோ!

இந்த அளவுகோலைக் கல்லூரி மாணவன் மீது மட்டும் வைப்பது நியாயமா? நடிகையின் படம் போட்ட காலண்டரை, ஓசியில் வந்ததென்பதற்காகக் கூடத்தில் மாட்டுகிறோம். திருமண வீட்டில் அந்நியரின் கேமரா பெண்கள் பகுதிக்குள் நுழைவதை அனுமதிக்கிறோம். ஒரு நாழிகைக்குள் எத்தனை எத்தனை முகங்களைக் கைப்பேசியில் விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம்! கரித்துண்டைக் கண்டு அஞ்சும் நாம் கைப்பேசியைக் கண்டு அஞ்சுவதில்லை. பார்வையைத் தாழ்த்துங்கள் என்ற இறைக்கட்டளை ஓவியர்களுக்கு மட்டும் இறங்கியதா என்ன?

எனவே வாலிபத் தம்பிகளுக்கு நாம் சொல்வது இதுதான்: முதலில் மரம், கட்டிடம், அரபி எழுத்தணி, பூவேலை என்று பரந்து கிடக்கும் துறைகளில் உங்கள் கையைப் பழக்குங்கள். உருவம் வரைந்தே ஆகவேண்டிய நிலை வந்தால், ஓர் ஆலிமை அணுகி மத்ஹபின் வரம்பைக் கேட்டறியுங்கள். அவ்ரத்தையும் வணக்க உருவங்களையும் விட்டு விலகி நில்லுங்கள். ஐந்து விரல்களை வரையத் திணறும்போது, ஒரு துளியிலிருந்து அவ்விரல்களை அமைத்தவனை நினையுங்கள். கர்வம் போய் ஸஜ்தா வரும். பெற்றோரே! பிள்ளையைத் திட்டித் துரத்தாதீர்கள். ஜமாஅத்தார்களே! ஒரு கதவை மூடச் சொல்லுமுன் மறு கதவைத் திறந்து வையுங்கள். சொல்லும்போது அவன் தலை மீது உங்கள் கை இருக்கட்டும்.

அழகாக உருவமைத்த வல்ல நாயன், நம் கைகளை ஹலாலிலும் நம் கண்களைக் கண்ணியத்திலும் நிலைநிறுத்தி அருள்வானாக! ஆமீன்.