வடவெல்லைத் தமிழரும் கடந்தகால ஏக்கமும்

சித்தூர், திருப்பதிப் பகுதித் தமிழ் முதியோர் சிலர் சென்னை மாகாண நாள்களைப் பொற்காலமெனப் போற்றுவர். இவ்வேக்கம் முறையானதா என்பது ஆராய்தற்குரியது.

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதன்பாற் சென்றது. ம.பொ.சி. முதலியோரின் வடவெல்லைப் போராட்டத்திற்குப் பின், படாஸ்கர் பரிந்துரையையொட்டி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது. எஞ்சிய ஊர்களில் தமிழ், பள்ளியிலும் அலுவலகத்திலும் இடம் குறுகிப் பெரிதும் வீட்டுமொழியாயிற்று. இவ்விழப்பு மெய்யானது, இதற்கு வருந்துதல் தகும்.

ஆயின், மொழி தன் இடத்தை இழந்தது என்பதும் அன்றைய சமுதாயம் மேலானது என்பதும் இருவேறு கூற்றுகள். முன்னதன் சான்று பின்னதற்குச் சான்றாகாது. மாகாணக் கோயில்கள் அனைத்திலும் தாழ்த்தப்பட்டோர் நுழையும் உரிமையைச் சட்டம் உறுதிசெய்தது 1947இல்தான். அதற்குமுன் கோபுரத்திற்குப் புறத்தே நின்று கும்பிட்டவரின் பெயரனைக் கேட்பின், பொற்காலம் எதுவென்பதற்கு விடை வேறாகும். திருப்பதிக்குப் பல்கலைக்கழகம் வாய்த்ததும் பிரிவினைக்குப் பின், 1954இல். ஏக்கவுரைகளில் இச்செய்தி ஏனோ இடம்பெறுவதில்லை!

இவர்கள் மெய்யாக வேண்டுவது தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி எனின், அவ்வேண்டுகோள் மாகாண நினைவின்மேல் நிற்க வேண்டுவதில்லை. 1956இல் அரசமைப்பிற் சேர்க்கப்பெற்ற 350அ பிரிவின்மேல் நிற்கும்.