பலியும் சோதனையும்

கோயில் திருவிழாவில் ஆடு வெட்டுதல் தகாது என்று நாம் ஒருநாள் தோட்டத்தில் பேசிக்கொண்டிருந்தோம். வாயில்லாப் பிராணியின் கழுத்தை அறுத்து வரம் கேட்பது அறிவுக்கும் ஒவ்வாது, அருளுக்கும் ஒவ்வாது என்பது நமது வாதம். கேட்டிருந்தவர்களுள் ஒரு பெரியவர் எழுந்தார். செம்பனைக் குலை விழுந்து கால் எலும்பு முறிந்து, புண் வழியே கிருமி எலும்பினுள் புகுந்து, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் மருந்தேற்றிக் காலைக் காத்துக்கொண்டவர் அவர்.

"கிராணியாரே! ஆட்டை வெட்டாதீர்கள் என்கிறீர்கள், சரி. என் காலுக்கு ஏற்றிய மருந்தை முதலில் மிருகங்களுக்குப் போட்டுப் பார்த்தார்களாமே, அந்த மிருகத்துக்கு மட்டும் வாய் இருந்ததா? சாமிக்கு வெட்டினால் பாவம், டாக்டருக்கு வெட்டினால் புண்ணியமா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. அன்று சொல்லாமற் போன விடையை ஈண்டு எழுத முயல்கின்றோம்.

முதற்கண் நடப்பது இன்னதென்று அறிதல் வேண்டும். எலும்பைக் கல் போன்ற சடப்பொருள் என்று பலர் எண்ணுவர். அது பிழை, எலும்பு உயிருள்ள உறுப்பு. அதனுள் நுண்ணிய கால்வாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒருவகை நீர் ஊறி நிற்கின்றது. எலும்பின் உயிரணுக்கள் உண்பதும் கழிப்பதும் அந்நீரின் வழியாகவே. கிருமியைக் கொல்லும் மருந்தும் அந்நீரிற் கலந்தாலன்றி எலும்பில் ஒளிந்த கிருமியை எட்டாது. ஆதலின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று அறிந்தால் மட்டும் போதாது. எலும்பு நீரில் அது எவ்வளவு சேர்கின்றது, எத்தனை மணி நேரம் நிற்கின்றது என்பதே வைத்தியர் அறியவேண்டிய செய்தி.

இதனை அறியும் பழைய வழி, எலும்புத் துண்டை வெட்டியெடுத்து அரைத்துச் சோதிப்பதாகும். அரைத்த எலும்பில் இரத்தமும் உயிரணுவும் சுண்ணமும் ஒன்றாய்க் கலந்துவிடும். அன்றியும், வெட்டிய அந்த ஒரு வேளையின் நிலையையே அது காட்டும். மணிக்கு மணி நேரும் மாறுதலை அறிய வேண்டின், வேளைதோறும் வேறு விலங்குகளைக் கொல்ல நேரிடும். வேளைக்கு ஆறு விலங்கென எட்டு வேளை சோதிப்பதாகக் கொண்டால் 48 உயிர்கள்.

1970-களில் சுவீடன் நாட்டில் எலியின் மூளையைச் சோதிப்பதற்கென வளர்க்கப்பட்ட ஒரு முறை பின்னாளில் எலும்புக்கும் வந்தது. மெல்லிய குழாய் ஒன்று; அதன் நுனியில் சல்லடை போன்ற சவ்வு. எலும்பில் சிறு துளையிட்டு அதனைச் செருகி, உள்ளே உப்புநீரை மிக மெதுவாக ஓட்டுவர். ஒரு துளி சேர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். எலும்பு நீரிலுள்ள சிறு பொருள்கள் சவ்வைக் கடந்து அவ்வுப்புநீரில் கலக்கும். பெரும் பொருள்கள் வெளியே நின்றுவிடும். வெளிவரும் நீரைச் சிறு குப்பிகளில் ஏந்திச் சோதிப்பர். ஒரே விலங்கிடமிருந்து மணிக்கு மணி செய்தி கிடைக்கின்றது. முன்பு 48 உயிர் கேட்ட கேள்விக்கு இப்போது ஆறு போதும்.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தார் இம்முறையைப் பன்றிகளிடம் கையாண்டனர். செஃபுராக்சிம் என்னும் மருந்து இரத்தத்தினின்று கெட்டியான புற எலும்புக்குக் குறைவாகவும் தாமதமாகவுமே செல்கின்றது என்று 2014-இல் அவர்கள் வெளியிட்டனர். பெரியவரின் கால் போன்ற கால்களைக் காப்பதற்கு இவ்வறிவு வேண்டியதே. ஆயினும் இத்தகைய சோதனையில் பன்றி பெரும்பாலும் விழிப்பதில்லை; மயக்கத்திலேயே அதன் வாழ்வு முடிக்கப்படுகின்றது.

நிற்க. விலங்கு வெறும் இயந்திரம் என்று 17-ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதினார். அது மெய்யாயின் நமக்குக் கவலையில்லை. ஆனால் எலும்பைப் போர்த்த சவ்வு நரம்பு மிகுந்தது. அடிபட்டால் நமக்கு எங்ஙனம் நோகுமோ, பன்றிக்கும் அங்ஙனமே நோகும். அதன் எலும்பு நம் எலும்பை ஒத்தது என்பதால் அன்றோ அதனைத் தேர்ந்தெடுத்தார்கள்? மருந்துக்கு ஒப்புமை கொள்வோம், வலிக்கு ஒப்புமை கொள்ளோம் என்பது நேர்மையாகாது. உடலியல் வல்லுநர் கிளாட் பெர்னார்டு உயிருள்ள விலங்குகளை அறுத்துப் பேருண்மைகளைக் கண்டார். அவர் மனைவியும் மக்களுமோ அச்செயலை வெறுத்து அவரை எதிர்த்து நின்றனர். அவ்வீட்டில் எழுந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

48 ஆறாகியது நன்றே. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேயர், விலங்குக்கு மாற்று தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என மூன்று நெறிகளை வகுத்தனர். ஆனால் கணக்கு எழுதுவோர் அறிந்த ஒரு சூது இதில் உண்டு. எண்ணிக்கை குறையுமிடத்து ஒவ்வொன்றின் மேலும் ஏறும் சுமை மிகக்கூடும். விழித்திருக்கும் விலங்கின் எலும்பிற் குழாயை நாட்கணக்கில் நிறுத்தினால், குறைந்தது உயிர்க்கணக்கு, கூடியது வலிக்கணக்கு. கருவி நுண்ணியது என்பதொன்றே அருளாகிவிடாது. அஞ்சி நடுங்கும் விலங்கின் உடல் நீர் இயல்பான நீருமன்று. அதனைத் துன்புறுத்திப் பெற்ற எண்ணே பொய்யெண்ணாகக்கூடும்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். பலிக்கும் சோதனைக்கும் வேற்றுமை யாது? ஆடு வெட்டியவன், வேண்டுதல் பலித்தால் சாமி தந்தது என்பான். பலிக்காவிடின் குறை நம்முடையது என்று அடுத்த ஆண்டு இன்னோர் ஆட்டைக் கொணர்வான். பலித்தவை எத்தனை, பலியாதவை எத்தனை என்று அவன் எண்ணிப் பார்ப்பதேயில்லை. சோதனையோ தோல்வியையும் எழுதிவைக்கக் கடமைப்பட்டது. கேள்வி மெய்யான கேள்வியாயிருத்தல் வேண்டும். வேறு வழியில் விடை காணுதல் இயலாதிருத்தல் வேண்டும். வந்த விடை, விரும்பியதாயினும் விரும்பாததாயினும், உலகறிய வெளிவரல் வேண்டும். இம்மூன்றும் அமைந்தவிடத்தே அது சோதனை. பட்டத்திற்காகவும் வியாபாரத்திற்காகவும் அறிந்ததையே மீண்டும் அறுத்துப் பார்த்து, ஒவ்வாத விடையைப் பெட்டியில் பூட்டிவைப்பாராயின், அது வெள்ளை அங்கி அணிந்த பலியே. கோயில் வாசலில் நாம் கண்டிப்பதை ஆராய்ச்சிக்கூடத்து வாசலிலும் கண்டிக்கவே வேண்டும்.

மூன்றும் அமைந்தால் அது புண்ணியமோ எனின், அன்று. அறுவைக்கு வந்த நோயாளிகள் சிலர், தம் எலும்பிலும் இக்குழாயைச் செருக இசைந்ததுண்டு. அவர்கள் இசைந்தனர், இசையாதிருக்கவும் அவர்களால் இயன்றது. பன்றிக்கு அவ்வுரிமை இல்லை. கேளாமல் எடுத்ததனைக் கொடை என்று கூறலாகாது. கடன் என்றே கூறல் வேண்டும்.

அக்கடன் ஆராய்ச்சியாளரை மட்டும் சார்ந்ததன்று. மருந்துண்ணும் நாமும் கடனாளிகளே. வைத்தியர் ஆறு வாரம் என்றால், வலி தீர்ந்தது என்று மூன்றாம் வாரத்தில் நிறுத்துவோர் நம்மிடையே எத்தனை பேர்! சளிக்கும் தும்மலுக்கும் கிருமிக்கொல்லியைக் கேட்டு வாங்கி விழுங்குவோர் எத்தனை பேர்! கிருமிகள் மருந்துக்கு அடங்காது வலுப்பெறுவது இதனால் அன்றோ? உயிர் கொடுத்து அறிந்த அளவை நாம் வீணாக்கின், மீண்டும் ஓர் உயிரைக் கேட்டு நிற்கும் நிலை வரும்.

பெரியவரே! சாமிக்கு வெட்டுவது வீண். வைத்தியத்திற்கு வெட்டுவது கடன். உங்கள் கால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அக்கடன் இருக்கின்றது. நமது காலிலும் இருக்கின்றது. இதற்குமேற் சொல்ல நாம் அறியோம்.