இலை மேல் எறும்பு

திரையில் எதுவும் தானாக இருப்பதில்லை. கேம் எழுத உட்கார்ந்ததும் முதலில் புரிந்தது இதுதான். ஒரு இலையை வரைந்தால் அது பாட்டுக்கு அங்கே கிடக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிடக்காது. பிகோ-8 என்ற சிறிய மென்பொருள் கருவியில் நான் எழுதுகிறேன். அதில் வினாடிக்கு முப்பது முறை திரை முழுவதையும் அழித்து, முப்பது முறை எல்லாவற்றையும் புதிதாக வரையச் சொல்ல வேண்டும். கிளை, இலை, கீழே குளத்துத் தண்ணீர், எறும்பு எல்லாமே அப்படித்தான். இலையை வரையச் சொல்லும் வரியை எடுத்துவிட்டால் மறுகணமே இலை இல்லை. அழிக்கச் சொல்லும் வரியை எடுத்துவிட்டால் எறும்பு போன தடமெல்லாம் எறும்பாக அப்பிக்கொண்டு நிற்கிறது.

இதைப் பார்த்த அன்று நெடுநேரம் வேறெதுவும் எழுதாமல் அந்த ஒரு இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல் இருப்பதுபோல் தெரிந்தது. அசையாமல் இருக்க எவ்வளவு வேலை நடக்கிறது!

*

எறும்புக்கு எட்டுக்கு எட்டு பிக்சல் இடம், மொத்தம் அறுபத்து நான்கு கட்டங்கள். உடலுக்குப் பழுப்பு, கண்ணுக்கு ஒரே ஒரு கறுப்பு, முன்னால் தூக்கிப் பிடித்த அரிசிக்கு இரண்டு வெள்ளை. உணர்கொம்பு முதலில் நேராக இருந்தது. நுனியை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தினேன். அதுவரை பொம்மையாக இருந்தது எங்கேயோ போகக் கிளம்பியதுபோல் ஆகிவிட்டது. ஒரு பிக்சலுக்கு இத்தனை பொருள் இருக்கும் என்று பெரிய திரைகளைப் பார்த்தே பழகிய கண் எப்படி நம்பும்?

கருவியில் இருப்பவை பதினாறு நிறங்கள். திரை 128க்கு 128. நிரலுக்கும் வரம்பு உண்டு: 8,192 டோக்கன் (நிரலின் சொல், எண் போன்ற துண்டுகள்), அதற்குமேல் எழுத முடியாது. பிகோ-8ஐ உருவாக்கிய ஜோசஃப் வைட், எந்தக் கடையிலும் விற்காத ஒரு பழைய கேம் மெஷினைக் கற்பனை செய்து, அதற்கு இந்த எல்லைகளைத் தானே வகுத்தார். இன்றைய கணினிக்கு இவை தேவையே இல்லை. புதிதாகக் கற்கிற ஆளுக்குத் தேவை. எங்கே நிறுத்துவது என்று யாராவது சொன்னால்தான் எங்கே தொடங்குவது என்று தெரிகிறது.

*

விழுவதையும் எழுதித்தான் வரவழைக்க வேண்டும். இங்கே திரையின் உச்சி பூஜ்யம். கீழே போகப் போக எண் கூடும். ஆகவே விழுவது என்றால் கூட்டல். ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையை வரையும் ஒவ்வொரு முறையும், எறும்பின் வேகத்தோடு 0.2 சேர்க்கிறேன், அந்த வேகத்தை இடத்தோடு சேர்க்கிறேன். தாவ வேண்டுமானால் வேகத்தை மைனஸ் இரண்டு ஆக்க வேண்டும். அது குறைந்து குறைந்து, மூன்றில் ஒரு பங்கு வினாடியில் பூஜ்யத்தைத் தொட்டு, பிறகு கீழ்நோக்கித் திரும்பும். உயரம் சுமார் பத்து பிக்சல், எறும்பின் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

இலை திடமானது என்பதையும் சொன்னால்தான் உண்டு. சொல்லாதவரை அது வெறும் பச்சை. எறும்பு அதற்குள் புகுந்து தண்ணீருக்குப் போய்விடும். பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்க்காரி 2017இல் நார்டிக் கேம் ஜாமில் செய்த ‘பாபா இஸ் யூ’ இதையே விளையாட்டாக்கியது. அதில் சுவர் தடுப்பதற்குக் காரணம், அப்படிச் சொல்லும் சொற்கட்டைகள் திரையில் வரிசையாகக் கிடப்பதுதான். ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம்.

இலை மேல் எறும்பு நிற்கும் காட்சியை நிரல் வழியே பார்த்தால், அது நிற்கவே இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் விழத் தொடங்குகிறது; ஒவ்வொரு ஃப்ரேமிலும் இலை தடுக்கிறது. வினாடிக்கு முப்பது முறை விழுகை, முப்பது முறை தாங்கல். இதை எழுதிய பிறகு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கும்போது சுவர் என் எடையை வாங்கிக்கொள்வது தெரிகிறது. முன்பு தெரிந்ததில்லை.

*

கேம் ஜாம் என்பது குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைத் தொடங்கி முடிப்பது. 2002இல் ஆரம்பித்த லூடும் டேரில் தனி ஆள் பிரிவுக்கு 48 மணி நேரம். தலைப்பு அறிவித்த பிறகே வேலை தொடங்கும். நிரல், படம், ஒலி எல்லாவற்றையும் அதற்குள் அவரே செய்ய வேண்டும். முடிந்த பிறகு கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை ஒருவர் ஆடிப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். நான் சேர்ந்தது இதே வழியில் நடக்கும் ஒரு சிறிய வார இறுதி ஜாம்.

என் நோட்டில் முதலில் இருந்தவை: மழை, தவளை, இரவு, புற்றுக்குள் ஒரு ராணி, அவளுக்கு ஒரு கதை. சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது ஒரு எறும்பு, சில இலைகள், ஒரு தாவல். எனக்கு இதில் வருத்தமில்லை. ஆறு மாதம் கிடைத்திருந்தால் தவளையைச் செய்திருப்பேன். தாவலை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

*

பிகோ-8 கேம்களில் எனக்கு மிகவும் பிடித்தது, யார் எழுதியதையும் திறந்து படிக்கலாம் என்பது. ஆடிக்கொண்டிருக்கும்போதே எஸ்கேப் பொத்தானை அழுத்தி உள்ளே போனால் நிரல் முழுவதும் இருக்கிறது. அப்படி ‘செலஸ்ட்’டைத் திறந்தேன். மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் 2015இல் நான்கே நாளில் செய்த கேம் அது. 2018இல் பெரிய கேமாக வளர்ந்து உலகம் முழுவதும் ஆடப்பட்டது. மலையேறும் ஒரு சின்னப் பெண். தாவுவது, ஒரு பாய்ச்சல், சுவரை உதைத்துத் தாவுவது. அவ்வளவுதான் அவளால் முடியும்.

அந்த நிரலில், கால் தரையில் இருக்கும்போதெல்லாம் ஒரு மாறியில் ஆறு என்று எழுதி வைக்கிறார்கள். தரையை விட்டதும் ஃப்ரேமுக்கு ஒன்றாக அது குறைகிறது. பூஜ்யம் ஆகும்வரை, கால் ஏற்கெனவே விளிம்பைத் தாண்டியிருந்தாலும், தாவல் செல்லும். ஆறு ஃப்ரேம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு வினாடி. இன்னொரு மாறியில் நான்கு. தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பொத்தானை அழுத்திவிட்டால் அதையும் வீணாக்காமல் வைத்திருந்து, தொட்டதும் தாவ விடுகிறது. தாவலின் உச்சியில், வேகம் ஏறக்குறைய பூஜ்யமாகும் இடத்தில், புவியீர்ப்பைப் பாதியாக்கி எங்கே இறங்கலாம் என்று பார்க்கவும் நேரம் தருகிறது.

ஆடுகிறவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. விளிம்பிலிருந்து சரியாகத் தாவினேன் என்றுதான் நினைப்பார். நினைப்பதில் தவறும் இல்லை. கண் விளிம்பைப் பார்த்து, விரலுக்குச் சொல்லி, விரல் அழுத்துவதற்குள் சில ஃப்ரேம்கள் கடந்துவிடுகின்றன. மனம் தாவியது விளிம்பில். கை தாவியது காற்றில். கணக்கை மட்டும் பார்க்கிற கேம் அவரைக் கீழே தள்ளும். ‘செலஸ்ட்’ மனம் தாவிய இடத்தை ஏற்றுக்கொள்கிறது. கடுமையான கேம் என்று பெயரெடுத்த ஒன்றின் அடியில் இப்படி ஒரு பரிவு ஓடுவதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முகம் தெரியாத ஒருவரின் விரலுக்காக யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

விளிம்பைத் தாண்டிய பிறகும் தாவ விடும் அந்த ஆறுக்குப் பதில், என் எறும்புக்கு நான்கு வைத்தேன். கூட்டிக் குறைத்துப் பார்த்ததில், இலைகள் நெருக்கமாக இருக்கும் இந்தக் கிளைக்கு அதுதான் பொருந்தியது.

*

ஞாயிறு காலை அண்ணன் மகளைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் கொடுத்தேன். ஆடிப் பார்க்கக் கொடுத்தால் பேசாமல் இருக்க வேண்டும் என்று கேம் செய்பவர்கள் சொல்வார்கள். உலகத்தில் யாருடைய பக்கத்திலும் நாம் உட்கார்ந்திருக்கப் போவதில்லையே. வாயை மூடிக்கொண்டு அவள் கட்டைவிரலைப் பார்த்தேன்.

“எறும்பு குதிக்காதே அத்தை.”

இதற்கு மட்டும் பதில் சொன்னேன். குதிக்கிற எறும்பு நம் ஊரிலேயே உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது, ஹார்பெக்நாதஸ் சால்டேட்டர் என்று பெயர், ஜெர்டன் என்ற ஆய்வாளர் 1851இல் எழுதிவைத்திருக்கிறார். அவள் தலையாட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினாள். வலப்பக்கம் போக வேண்டும் என்பதற்காக நான் அரிசியை அந்தப் பக்கம் பார்க்க வரைந்திருந்தேன். அவள் முதல் இலையிலேயே நின்று தாவிக்கொண்டிருந்தாள். இறங்கும்போதெல்லாம் இலை ஒரு பிக்சல் தாழ்ந்து மீளும். அதை எழுதிவிட்டு நானே மறந்திருந்தேன். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே அடுத்த இலைக்குப் போனாள். முதல் இலையைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

*

முடிந்த கேமை பிகோ-8 ஒரு படமாகத் தருகிறது. பழைய கார்ட்ரிட்ஜ் போன்ற சின்னப் படம். அதன் நிறங்களில் கண்ணுக்குத் தெரியாத கடைசி பிட்டுகளுக்குள் கேம் முழுவதும் பதிந்திருக்கும். எறும்பு, இலை, தண்ணீர், அந்த நான்கு எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே. நேரம் முடிவதற்குள் ஏற்றிவிட்டேன்.

மாலையில் அவள் மறுபடி வந்தாள். எஸ்கேப் அழுத்தி உள்ளே போய்விட்டாள். எப்படி என்று நான் சொல்லித்தரவில்லை.

“இந்த நாலு எதுக்கு அத்தை?”

சொன்னேன்.

“நாப்பது வைக்கட்டா?”

வைத்தாள். எறும்பு இலையை விட்டு விழுந்து, தண்ணீரைத் தொடப்போகிற கணத்தில் வெறும் காற்றை உதைத்து மேலே எழும்பியது. எந்த இலையையும் கடைசி நொடியில் எட்டிப் பிடித்தது. நான் செய்த கேம் அங்கே இல்லை; இது வேறு, இதுவும் நன்றாக இருந்தது. இலைகளை இன்னும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்றாள், எறும்பை எடுத்துவிட்டு அணில் போட வேண்டும் என்றாள். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் அணிலுக்கு வால் வைத்தால் உடம்புக்கு இடம் போதாதே என்று இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.